எடை மாறிய இடம்

‘ஐப்பசி, இரண்டாம் வியாழன். மழை விட்டிருக்கிறது. எடைமேடைக் கணினி வந்து சேர்ந்தது. பதிவு தொடங்கியாயிற்று.’

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. தல்லாகுளத்தில், வேறு ஆள் இல்லாத வீட்டில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதிய கணினி நிரல்களில் பிழை பார்ப்பது என் தொழில். மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில் லாரிகளுக்கு எடை போடுகிறவர் அந்தக் கணினியைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தார். சில லாரிகளுக்கு, முன்னால் போன லாரியின் எடையே பதிவாகியிருந்தது. டிரைவர்களோடு சேர்ந்துகொண்டு அவர்தான் மாற்றுகிறார் என்று முதலாளி முடிவுகட்டிவிட்டார். தான் மாற்றவில்லை என்று தீபாவளிக்குள் காட்டாவிட்டால் அவர் வேலை போய்விடும்.

“இம்புட்டுப் பெரிய வீட்டுல நீங்க மட்டுமாண்ணே?”

“ஆமா.”

“பேய்கூடத் துணைக்கு ஆள் தேடும்ணே.”

சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

நான் பயன்படுத்தும் டிபக்கர், அதாவது பிழை தேடும் மென்பொருள், நிரல் செய்யும் ஒவ்வொரு கட்டளையையும் பதிந்து வைக்கும். பிறகு ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ப் பார்க்கலாம். பதியும்போது நிரல் நொண்டி நொண்டித்தான் நகரும். லாரி நிற்பதாகப் பாவித்து, அவர் பொத்தான்களைத் தட்டி எடை போட்டுக்கொண்டிருந்தார். காத்திருந்த நேரத்தில் குவாரி டிரைவர்களைப் போலப் பேசிக் காட்டினார். முதல் முறை பிழை வந்ததை நான் கவனிப்பதற்குள் பதிவின் கொள்ளளவு நிறைந்து, பழைய கட்டளைகள் அழிந்துபோயின. அளவைக் கூட்டி மறுபடி ஆரம்பித்தோம்.

சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் மீண்டும் எடை மாறியது. நிறுத்தினேன். அந்த எண் எங்கே மாறியது என்று டிபக்கரிடம் கேட்டுப் பின்னோக்கி ஓடவிட்டேன். பழைய எடையை எடுத்து வைக்கும் கட்டளையில் போய் நின்றது. இன்னும் பின்னால் போனால், முந்தைய எடையை மறுபடி கொண்டுவரும் பொத்தான். அது ஒருமுறை அல்ல, தொடர்ந்து அழுத்தப்பட்டதாக வந்துகொண்டே இருந்தது.

“இதை அழுத்துனீங்களா?”

“அப்ப என் கை மடியிலதாண்ணே இருந்துச்சு. நீங்கதான் பாத்துக்கிட்டு இருந்தீகளே.”

உண்மைதான். பொத்தானை நெம்பி எடுத்தேன். அது மேலே எழும்ப முடியாதபடி அடியில் சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது.

அவர் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “ஆயுத பூசைக்கு வச்சது. எல்லாத்துக்கும் மொதலாளி தன் கையாலதான் வைப்பாரு. இத அவருகிட்ட எப்படிண்ணே சொல்றது?”

“சந்தனத்தைப் பத்தி மட்டும் சொல்லுங்க. வச்சது யாருன்னு அவருக்கே தெரியும்.”

கண்டதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு, “போய்ட்டுப் போன் போடுறேண்ணே,” என்றார்.

போன் வரவில்லை. தீபாவளி கழிந்து நான் இரண்டு தடவை அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. அந்தப் பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை. சில மாலைகளில் அதைத் திறந்து, அவர் எங்கே பேச்சை நிறுத்தினார், எங்கே எடை போட்டார் என்று பின்னோக்கி நகர்த்திப் பார்ப்பேன். அதில் பொத்தான்கள் மட்டும் இருக்கின்றன, பேச்சு இல்லை.

அந்தக் குவாரிக்குப் போய்வரும் லாரி டிரைவர் ஒருவர், எடைமேடையில் இப்போது கண்ணாடி போட்ட ஓர் ஆள் இருக்கிறார் என்றார். என்னிடம் வந்தவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை. புதிதாகப் போட்டிருக்கலாம், வேறு ஆளாகவும் இருக்கலாம். நான் மேலூருக்குப் போய்ப் பார்க்கவில்லை. அவருக்கு அந்த வேலை நிலைத்ததா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.