தார் ரோட்டைத் தொடாத பாதை

கிளுவை வேலியின் இளங்குச்சிகள் சைக்கிள் ஹேண்டில்பாரில் உரசி ஒடியும்போது ஒரு பச்சை வாசனை எழும். அதனுடன் புழுதியும், எந்தக் களத்திலிருந்தோ மஞ்சள் வேகும் ஆவியும் சேர்ந்து மூக்கில் ஏறினால், தார் ரோட்டை விட்டு நாங்கள் இறங்கிவிட்டோம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். முன்னால் பாரில் துண்டைச் சுற்றி அதன்மேல் நான், பின்னால் கேரியரில் இரண்டு காலையும் ஒரே பக்கமாகத் தொங்கவிட்டபடி அம்மா, நடுவில் வியர்த்து வழிய மிதித்துக்கொண்டு அப்பா. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அடுத்தடுத்த நிலத்துக்காரர்கள் இருவரும் ஆளுக்கொரு வேலி போட்டுவிட்டு, நடுவில் மாட்டுவண்டி போகுமளவுக்கு விட்ட மண்தடத்தை அங்கே "இட்டேரி" என்பார்கள். அந்த ஒரு கோடை முழுவதும் நாங்கள் இட்டேரியிலேயேதான் கிடந்தோம்.

இன்றைக்கு இதைச் சொன்னால் கேட்பவர்களுக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வருகிறது. ஹாரன் இல்லை, புகை இல்லை, ஊர் ஊராக, கோட்டை கோட்டையாகச் சைக்கிளிலேயே சுற்றினீர்களா, கொடுத்துவைத்தவர்கள் என்கிறார்கள். அவர்களிடம் முழுக்கதையையும் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் காலையிலிருந்து டோக்கன் போட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேச்சு வாங்கிவிட்டு, ஸ்கூட்டரில் அந்த நெரிசலில் வீடு வந்து சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. இதில் பழங்கதை வேறா? ஆனால் எழுதும்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம். அது உல்லாசப் பயணம் இல்லை. எங்கள் அப்பாவுக்குத் தார் ரோட்டைக் கண்டால் பயம்.

அப்பா லாரி டிரைவர். மாதத்தில் பாதிக்கு மேல் வடக்கே எங்காவது இருப்பார்; ஊருக்கு வந்தாலும் தூங்கிக்கொண்டேதான் இருப்பார். நான் நான்காம் வகுப்பு முடிக்கப்போகிற சமயத்தில், ஆந்திராப் பக்கம் ஒரு விடியற்காலையில், சைக்கிளில் போன ஒருவர் தடுமாறி அப்பாவின் வண்டிப் பின்சக்கரத்தில் விழுந்துவிட்டார். ஆள் அங்கேயே முடிந்துவிட்டார். அப்பா மேல் தப்பில்லை என்று போலீஸும் சொன்னது, ஓனரும் சொன்னார். ஆனால் அப்பா ஊருக்கு வந்து காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியவர், பிறகு லாரிப் பக்கமே போகவில்லை. லாரி ஓட்டப் போவதை எங்கள் பக்கம் "லைனுக்குப் போறது" என்பார்கள். "ஏனுங்க, லைனுக்குப் போகலீங்களா?" என்று அம்மா தினமும் காலையில் கேட்பாள். "நாளைக்குப் பாக்கலாம்" என்பார் அப்பா. எங்களுக்கு வேறு வருமானம் கிடையாது. ஓனர் வேறு ஆளைப் போடுவதற்குள் அப்பா திரும்பிப் போக வேண்டும். அந்தக் கோடையில் வீட்டில் இருந்த ஒரே கவலை அதுதான்.

வீட்டிலும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு இட்டேரிகளில் இறங்கிவிடுவார். தனியாக விட அம்மாவுக்குப் பயம், அதனால் நாங்களும் ஏறிக்கொள்வோம். கொல்லிமலையை இடது கைப் பக்கமே வைத்துக்கொண்டு சேந்தமங்கலம் வரை போவோம். ஒரு முறை நாமக்கல் வரைகூடப் போய், மலைக்கோட்டைக்குக் கீழே குளக்கரையில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். தடத்தின் குறுக்கே ஆடு மாடு நுழையாமல் முள்ளால் கட்டிய "படல்" வந்தால் இறங்கித் திறப்பதும், தாண்டிய பிறகு மறக்காமல் சாத்துவதும் என் வேலை. அப்பாவுக்கு லாரிப் பழக்கம் மட்டும் போகவில்லை. கிளம்பும் முன் இரண்டு டயரையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்; நிறுத்தினால், ஸ்டாண்டு போட்ட சைக்கிளுக்குக்கூடப் பின்சக்கரத்தடியில் ஒரு கல்லை முட்டுக் கொடுப்பார். "அட ஏனுங்க, இதென்ன பத்து டன் லோடா உருண்டு போறதுக்கு?" என்று அம்மா சிரிப்பாள். அப்பாவும் சிரிப்பார். வீட்டில் யாரும் சிரிக்காத நாட்கள் அவை, சைக்கிளில் மட்டும்தான் சிரித்தோம்.

அம்மா பார்க்காத வைத்தியம் இல்லை. மந்திரித்த கயிறு கட்டினாள், கோயிலில் தண்ணீர் தெளித்துக் கூட்டிவந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அப்பாவோடு லாரி ஓட்டிய பழனியண்ணன் வந்து ஒரு வழி சொன்னார். "பயந்தது ரோட்டுலதானுங்க அக்கா? ரோட்டுலதான் எடுக்கோணும். பெரிய ரோட்டக் குடும்பத்தோட ஒருக்கா குறுக்க தாண்ட வெச்சுருங்க. அப்பறம் பாருங்க, மாமா தானா வந்து ஸ்டியரிங்கப் புடிப்பாரு." லாரிக்காரர்களுக்குள் அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வைகாசியில் திருச்செங்கோட்டுத் தேர். எங்கள் ஊரிலிருந்து போவதானால் சேலம் – நாமக்கல் பெரிய ரோட்டைத் தாண்டாமல் போக முடியாது. தேர் பார்க்க வேண்டுமென்று என்னை அழச் சொன்னாள். நானும் நன்றாகவே அழுதேன்.

கிளம்பிய அன்று கருக்கலில் சைக்கிள் சக்கரங்களுக்கு அடியில், புது லாரிக்கு வைப்பதுபோலவே, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினாள் அம்மா. இட்டேரி இட்டேரியாகப் பிடித்து, ராசிபுரத்தை ஏரிக்கரையோடு சுற்றிக்கொண்டு போனோம். அப்பா நன்றாகத்தான் மிதித்தார். அன்றிரவு மல்லசமுத்திரத்தில் அம்மாவின் சித்தி வீட்டில் தங்கலாம், கோழி அடிப்பார்கள் என்றெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். வெயில் ஏறும் நேரத்துக்கு ஒரு சோளக்காட்டு ஓரமாக மண்தடம் முடிந்தது. எதிரே பெரிய ரோடு.

லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அப்பா சைக்கிளை விட்டு இறங்கினார். ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தவர், "இது நிக்காதுங்க. சந்து கெடைக்கறப்ப வெடுக்குன்னு போயிறோணும்" என்றார். அப்பா தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு அப்பா அம்மாவிடம், "நீங்க ரெண்டு பேரும் தாண்டுங்க. நான் சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் பின்னாலயே வாரேன்" என்றார். அம்மா என் மணிக்கட்டை வலிக்கப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தோம். லாரிக்கும் லாரிக்கும் நடுவில் அப்பா தெரிந்தார், மறைந்தார், மறுபடி தெரிந்தார். தாரில் ஒரு காலை வைத்தார், எடுத்துக்கொண்டார். மறுபடியும் வைத்தார், எடுத்துக்கொண்டார். "வாங்கப்பா!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அப்புறம் எப்படியோ ரோடு காலியாகிவிட்டது. இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை ஒரு வண்டி இல்லை, காக்காய் ஒன்று நடு ரோட்டில் இறங்கி நடந்தது. அப்பா அந்தக் காலி ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லைத் தேடி வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "வா சாமி, ஊட்டுக்குப் போலாம்."

"தேரு?"

"தேரு அடுத்த வருசமும் ஓடும்."

திரும்பி வந்து அப்பா முன்னால் நின்றோம். பழனியண்ணன், ஓனர், அரிசி, பருப்பு என்று எதையுமே அம்மா பேசவில்லை. "எந்திரிங்க, உச்சி வெயிலுக்கு முந்திப் போயிரலாம்" என்று மட்டும் சொன்னாள். அப்பா முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். என்னை ஏமாற்றிவிட்டார் என்று எனக்கு அப்பா மேல் அப்படி ஒரு கோபம்; வீடு வரும்வரை பாரில் உட்கார்ந்து உர்ரென்றே வந்தேன்.

அடுத்த வாரமே அம்மா ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு சீவப் போனாள். ஈரத்தரையில் நாள் முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்து செய்கிற வேலை. "லாரிக்காரம் பொண்டாட்டி கெழங்கு சீவப் போறா பாரு" என்று ஊர் வாய்க்கு அவல் கிடைத்தது. அப்பா சோறாக்கினார், இரண்டு ஆடு வாங்கி மேய்த்தார், என்னைப் பள்ளிக்கும் அம்மாவை ஆலைக்கும் இட்டேரி வழியாகவே கொண்டுபோய் விட்டார். கடைசிவரை அவர் லாரி ஏறவில்லை. நான் படித்து முடித்து வேலைக்குப் போகும்வரை அம்மா எழுந்திருக்கவும் இல்லை அந்த ஈரத்திலிருந்து.

எங்கள் கிளினிக்கில் ஒரு இளம் டாக்டர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நண்பர்களோடு கொண்டப்பநாயக்கன்பட்டி மலையடிவாரம் வரை சைக்கிளில் போய் வருவார். லாரித் தொல்லையில்லாத பாதை ஏதாவது தெரியுமா என்று என்னிடம் கேட்டார். வாய் சும்மா இருக்காமல், சின்ன வயதில் அப்பா கூட்டிப்போன பாதை தெரியும் என்று சொல்லித் தொலைத்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் வழிகாட்ட நானே ஸ்கூட்டரில் முன்னால் போக வேண்டியதாயிற்று. போயிருக்க வேண்டாம். கிளுவை ஒரு குச்சி இல்லை. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்திருக்கிறார்கள். பாதி இட்டேரி சிமெண்டு ரோடாகிவிட்டது, மீதியில் மனைப்பிரிவுக்காரர்கள் மஞ்சள் கல் நட்டுவிட்டார்கள். படல் என்ற ஒன்றே கண்ணில் படவில்லை. பெரிய ரோட்டுக்கு அடியில் இப்போது சுரங்கப்பாதை. பையன்கள் கால்கூட ஊன்றாமல், மேலே போகிற ஒரு லாரியையும் பார்க்காமல், சிரித்துப் பேசிக்கொண்டே அந்தப் பக்கம் போய்விட்டார்கள். "சூப்பர் ரூட்டுங்க அக்கா. உங்க அப்பா செம ரசனையான ஆளா இருந்திருக்கணும்" என்றார் டாக்டர். ஆமாங்க என்று சொல்லி வைத்தேன். இப்படி ஒரு சுரங்கப்பாதை அன்றைக்கு இருந்திருந்தால் அப்பா தாண்டியிருப்பார், லாரிக்கும் திரும்பியிருப்பார், அம்மாவுக்கு இன்றைக்கு முழங்கால் மிஞ்சியிருக்கும் என்றெல்லாம் வழி நெடுக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்பா போய் மூன்று வருஷமாகிறது. வீட்டில், அம்மா பக்கத்தில் இருக்க, படுக்கையில்தான் போனார். அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியாது. டாக்டரோடு போய்வந்த அன்று ராத்திரி அவள் முழங்காலுக்கு நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். "ஏம்மா, ரோடு காலியாக் கெடந்தப்பக்கூட வரலயே, அப்பா மேல உனக்குக் கோபமே வரலியா?"

"வராம?" என்றாள் அம்மா. "கெழங்கு சீவுற அத்தன நாளும் வந்துச்சு. ஆனா கண்ணு, சாயங்காலம் ஆனா ஆலை வாசல்ல சைக்கிளோட நிப்பாரே. கூட்டத்துல என்னத் தேடிக்கிட்டு நிப்பாரு. லைனுக்குப் போற ஊட்டுப் பொம்பளைக எவளுக்கடி அது கெடச்சுது?"