அப்பா மறந்துபோன சனிக்கிழமை

அப்பாவின் காக்கிச் சட்டையில் எப்போதும் ஒரு புளித்த நெடி இருக்கும்; எத்தனை முறை துவைத்தாலும் போகாது, பக்கத்தில் உட்கார்ந்தால் மூக்குக்குள் சுருக்கென்று ஏறும். ஆசிட் தெறித்துத் தெறித்து அந்தச் சட்டையில் கடுகு கடுகாக ஓட்டைகள். ஐம்பதுகளில் பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் 'பேட்டரி ரூம்' அவர் பொறுப்பில் இருந்தது.

அங்கே ஆசிட் நிரப்பிய கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நிற்கும்; அவைதான் பேட்டரி. "கரண்ட் இருக்கிறப்போ இதுங்க குடிச்சுக்கிட்டே இருக்கும், போச்சுன்னா குடிச்சதை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொடுக்கும், டாக்டர் கை நிக்கவே நிக்காது" என்பார். மழையில் கண்டோன்மென்ட்டே இருண்டாலும் தியேட்டர் விளக்கு மட்டும் எரியும். ஆனால் மனிதர் ஜாடிகளை லேசில் நம்பமாட்டார். சனிக்கிழமை சாயங்காலம்தோறும், தியேட்டர் காலியான வேளை பார்த்து, அவரே மெயின் சுவிட்சை இறக்கி, அரைமணி நேரம் ஆஸ்பத்திரியை இருட்டாக்கி, விளக்கு தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்பார். வார்டு முழுக்க "கரெண்ட் ஹோய்த்து", கரண்ட் போச்சு, என்று கன்னடத்தில் முணுமுணுப்பு எழும். நம் பெண்களோ "அந்த ஆளு கை விளங்காமப் போக" என்று நல்ல தமிழிலேயே சாபம் விடுவார்கள். எனக்கு மானம் போகும்.

எனக்குப் பத்து வயதில் அம்மா பிரசவத்துக்கு அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். சனிக்கிழமை வந்தது. அப்பா மெயின் அறைச் சாவியை எடுத்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இந்த வாரம் மட்டும் வேணாம்பா, எல்லாரும் அம்மாவைத் திட்டுவாங்க." சாவியை உள்ளங்கையில் ஒருமுறை புரட்டினார். பிறகு அதை ஆணியில் மாட்டிவிட்டு, "சரி, ஒரு வாரம்தானே" என்றார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

திங்கட்கிழமை, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று அம்மாவைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். சாயங்காலம் இடியோடு மழை பிடித்து, கரண்ட் போனது. வராந்தாவில் நின்ற நான் பயப்படவில்லை. அதுதான் ஜாடிகள் இருக்கின்றனவே. கதவிடுக்கில் தெரிந்த வெளிச்சம் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகி, சிவந்து, அணைந்தது. நர்சுகள் டார்ச் லைட்டுக்கு ஓடினார்கள், அப்பா பேட்டரி ரூமுக்கு ஓடினார். சில ஜாடிகள் உள்ளுக்குள் செத்துக் கிடந்தன. சனிக்கிழமை பார்த்திருந்தால் பத்தே நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

டார்ச் வெளிச்சத்தில் அம்மாவைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். தம்பி பிழைக்கவில்லை. விளக்கு எரிந்திருந்தாலும் கஷ்டம்தான் என்று டாக்டர் சொன்னார். அப்பா அதை நம்பவில்லை. நானும் இன்றுவரை நம்பவில்லை.

சனிக்கிழமை ஏன் சோதித்துப் பார்க்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். வீட்டில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேதான் அப்பா எழுதினார்: 'மறந்துவிட்டேன்.' நான் வாயைத் திறக்கப் போனேன். "நீ போயி அம்மாவுக்குக் கஞ்சி எடுத்துட்டுப் போ" என்றார். அதற்குப் பிறகு அவரை பேட்டரி ரூமுக்குள் விடவில்லை, பம்ப் செட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

போன வருஷம் ரத்தப் பரிசோதனைக்கு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜாடிகள் நின்ற இடத்தில் மருந்துக் கடை. 'யூபிஎஸ்' என்ற இரும்புப் பெட்டி இப்போது தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறதாம், கோளாறு என்றால் கீச்சென்று கத்துமாம். யாரும் யாரையும் இருட்டில் வைக்க வேண்டியதில்லை. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அம்மா இருந்தவரை, கடைக்குப் போன அப்பா உப்பு வாங்காமல் திரும்பினால்கூட, "உங்க மறதிதானே என் பிள்ளையைக் கொண்டுபோச்சு" என்பாள். அப்பா தலையைக் குனிந்துகொள்வார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், வாயே திறக்காமல்.