தலையாட்டாத நாள்

ஜூன் 12: பிள்ளைகள் 18. பத்துக் கட்டைகளைச் சரியாக எண்ணியவர்கள் 2.
செப்டம்பர் 4: 9.
நவம்பர் 20: 17.
நவம்பர் 27: 5.

கடைசி வரிதான் மழலையர் வகுப்பு ஆசிரியையின் தூக்கத்தைக் கெடுத்தது. பதினேழு என்ற கணக்கை மேலிடத்துக்கு அனுப்பியாயிற்று. அதைப் பார்த்துத்தான் அவர் வேலையை நிரந்தரமாக்குவார்கள்.

நவம்பர் 27 காலை அவருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. வாயாடி என்று எல்லாரும் கூப்பிடும் நாலு வயதுக்காரியின் முன்னால் ஏழு கட்டைகளை வைத்து எண்ணச் சொன்னார். விரல் ஏழாவது கட்டையையும் தாண்டி வெறும் மேசையைத் தொட்டுக்கொண்டே போனது.

"எட்டு, ஒம்பது, பத்து, பதினொண்ணு..."

"போதும்டி தங்கம், கட்டை தீந்து போச்சே!"

"நீங்கதான் தலையாட்டவே இல்லையே மிஸ்!"

ஆசிரியைக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒவ்வோர் எண்ணுக்கும் தலையசைத்து, கடைசிக் கட்டையில் நிறுத்துவது அவர் பழக்கம். பிள்ளைகள் இத்தனை நாளும் கட்டையை விட்டுவிட்டு அவர் தலையை எண்ணியிருக்கிறார்கள். முகத்தை நோட்டால் மறைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் விரல்களை மட்டும் பார்த்தபடி எல்லாரையும் எண்ணவைத்தார். ஐந்து பேர்தான் தேறினார்கள்.

வீட்டில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பூட்டிய கதவைத் திறந்தார், மறுபடி பூட்டினார்.

"ஏம்மா, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தறே?" என்றார் மெக்கானிக் கணவர். "கழுத்து சரியானதும் பழையபடி ஆட்டிட்டுப் போ. பாதிப் பேரு தலையாட்டித்தான் வேலையைக் காப்பாத்திக்கறாங்க."

"அவங்க ஆட்டினா அவங்களோட போச்சுங்க. இதுங்க அடுத்த வருஷம் பெரிய ஸ்கூல்ல போய் திருதிருன்னு முழிக்குமே!"

டிசம்பர் 1 அன்று, "17 அல்ல, 5. தவறு என்னுடையது" என்று எழுதித் தபாலில் சேர்த்தார். சேர்த்த கையோடு, உள்ளதும் போய்விடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது.

வகுப்பில் கட்டைகளை ஓரங்கட்டினார். வாயாடியிடம் பதினெட்டுத் தம்ளர்களைக் கொடுத்து, அவளுக்கும் சேர்த்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று வைக்கச் சொன்னார். தாடையைக் கையால் தாங்கி, தலை அசையாமல் பார்த்துக்கொண்டார். சுற்றி வந்தவள் ஒரு தம்ளரோடு நின்றாள்.

"ஒண்ணு மிச்சம் மிஸ். யாரோ வரல!"

அன்று ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். ஜனவரி 30-இல் கணக்கு 11.

தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே ஆசிரியை வாசலுக்கு ஓடினார். முதல் கடிதம், அவர் எழுதியது கிடைத்தது என்றது. இரண்டாவது, புதுக் கணக்கைக் கேட்டது. பணி நிரந்தரம் ஓராண்டு ஒத்திவைக்கப்படுகிறது, அதே வகுப்பில் தொடரலாம் என்ற மூன்றாவது கடிதம் வந்த நாள் பிப்ரவரி 18.