பத்துப் பேருக்கு மேல் ஏறாது

"போனைக் கொடுங்க" என்று உள்ளங்கையை நீட்டுகிறார் ஸ்தனிஸ்லாஸ். திருச்சி விமான நிலையத்தின் புறப்பாட்டு வாசலில் அவருக்கு முன்னால் நிற்கும் பதினெட்டுப் பேரில் ஒருவர்கூட ஏன் என்று கேட்பதில்லை. சட்டைப் பையிலிருந்து ஓர் ஊக்கை எடுக்கிறார். போனின் விலாவில் உள்ள ஓட்டையில் குத்துகிறார். சிம் எட்டிப் பார்க்கிறது. அதை நகத்தால் கிள்ளி எடுத்து, சர்க்கரைக்காரர்கள் வைத்திருப்பார்களே, கிழமை போட்ட மாத்திரை டப்பா, அதில் ஓர் அறையில் போட்டு மூடுகிறார். திங்கள் காலையில் ஆனந்தவள்ளி. செவ்வாய் இரவில் ரோஷன் பேகம். வெள்ளி மதியத்தில் நான். டப்பா இடுப்புப் பைக்குள் போகிறது. ஜிப் இழுபடுகிறது.

"ரோமிங்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? ஒரு ராத்திரி ஆன்ல கெடந்தா வீட்டை எழுதி வாங்கிடுவான். கவலையை விடுங்க. நான் இருக்கேன்ல."

இந்த 'நான் இருக்கேன்ல' அவருடைய முத்திரை வாக்கியம். காலையில் பல் துலக்கும்போது இதைச் சொல்லித்தான் கொப்பளிப்பார் என்று நினைக்கிறேன்.

ஸ்தனிஸ்லாஸ் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மன்னார்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அறை பிடித்து, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மலேசியாவுக்கும் இலங்கைக்கும் ஆள் சேர்த்து அழைத்துப் போகிறார். ஆட்களைச் சேர்க்க நோட்டீஸ் அடிக்கிறார். மூன்று வண்ணம், நடுவில் அவர் படம். கீழே கொட்டை எழுத்தில் 'பயணம் முழுக்க இலவச இணைய வசதி'. திருவெறும்பூர் ஆலை வாசலில் முப்பது வருடம் தொழிற்சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தவன் நான். நோட்டீஸில் 'முழுக்க' என்று போடுகிறவன் பாதியைக்கூடத் தரமாட்டான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சீட்டு ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது.

உள்ளூரிலும் அவர் குணம் இதேதான். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு செருப்பைக் கழற்றி மறு செருப்பைக் கழற்றுவதற்குள், "வைஃபை பாஸ்வேர்டு என்னங்க?" என்பார். காப்பியா டீயா என்ற கேள்விக்கு அதற்கப்புறம்தான் பதில். அவருடைய சொந்த டேட்டா ஒவ்வொரு நாளும் யாரும் தொடாமல் நள்ளிரவில் செத்துப் போகிறது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நோன்பாளியின் பெருமிதம் வரும்.

கோலாலம்பூரில் இறங்கியதும் அவர் ஒரே ஒரு உள்ளூர் சிம் வாங்கினார். அதைத் தன் போனில் போட்டு, போனை ஒரு செல்ஃபி குச்சியில் மாட்டி, அடையாளத்துக்குக் குச்சி நுனியில் கட்டம் போட்ட கைக்குட்டையைக் கட்டி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். இதுதான் இலவச இணைய வசதி. ஹாட்ஸ்பாட்டை ஏன் இப்படித் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று கேட்டேன்.

"தண்ணி டேங்க் தரையிலயா கட்டுறாங்க? ஒசரத்துல இருந்தாதான் எல்லா வீட்டுக்கும் வரும்."

அந்த டேங்கில் பத்துப் பேருக்கு மேல் ஏறாது. பதினோராவது ஆள் ஏற வேண்டுமென்றால் ஒருவர் இறங்க வேண்டும். தஞ்சாவூர் ரோட்டு டவுன் பஸ் கண்டக்டர் தோற்றார். "யாராவது ஒருத்தர் எறங்குங்க, கிளமென்ட் வாத்தியார் ஏறணும். சாரி, வாத்தியாரே, முழுப் படமெல்லாம் அனுப்பக் கூடாது. குட்மார்னிங் மட்டும் அனுப்பிட்டு எறங்கிடணும்." கிளமென்ட் மேலப்புதூர்ப் பள்ளியில் வரலாறு நடத்தியவர். முகலாயர்களைப் பற்றி மூச்சு விடாமல் பேசுவார். அவரும் குட்மார்னிங் அனுப்பிவிட்டு இறங்கினார்.

பாஸ்வேர்டு தினமும் மாறும். காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு அதை ஒவ்வொருவர் காதிலும் போய்ச் சொல்வார். முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் உப்பில்லை என்று சொன்ன கிளமென்டுக்கு மறுநாள் மதியம்தான் கிடைத்தது. வண்டியில் முன் இருக்கைக்குச் சண்டை போட்ட தம்பதிக்குச் சாயங்காலம். பிறகு யாரும் உப்பைப் பற்றிப் பேசவில்லை. வளர்ந்த மனிதர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், வெளிநாட்டுத் தெருவில் ஒரு கைக்குட்டைக்குக் கீழே முண்டிக்கொண்டு நடந்தார்கள். அவர் கழிப்பறைக்குப் போனால் வாசலில் பத்துப் பேர் நின்றார்கள்.

முரண்டு பிடித்தது ரோஷன் பேகம் மட்டும்தான். பாலக்கரைக்காரர். வாய்க்குப் பூட்டு கிடையாது.

"ஏன் சார், எங்கண்ணன் இருவது வருஷம் சவூதில இருந்துச்சு. எறங்குன அன்னிக்கே சிம் வாங்கிப் போட்டுட்டு வாப்பாவுக்குப் பேசுச்சு. நீங்க என்னமோ நகை மாதிரி எங்க சிம்மையெல்லாம் இடுப்புல கட்டிக்கிட்டுத் திரியிறீங்க."

"அது கல்ஃபும்மா. இது வேற."

"என்ன வேற? இங்க காதால பேசி வாயால கேக்குறாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் மட்டும் சிரிக்கவில்லை. ரோஷன் பேகம் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார், திரும்பி வந்தார், அவ்வளவுதான். ஊர் திரும்பும் வரைக்குமான நெட், பேச்சு, எல்லாம் சேர்த்து இரண்டு தட்டு நாசி கோரெங் விலை. "அந்தக் கடைக்காரன் உங்க பாஸ்போர்ட் நம்பரை எழுதிக்கிட்டான்ல? நாளைக்கு எவனாவது உங்க பேர்ல கடன் வாங்குனா என்கிட்ட வரக் கூடாது" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "என் பேர்ல கடன் குடுக்குறவன் இருந்தா எனக்கு முதல்ல சொல்லுங்க சார், நானே வாங்கிக்கிறேன்" என்றார் ரோஷன் பேகம்.

வெளிநாட்டில் போன் பேசுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. போகும் நாட்களுக்கு மட்டும் ஊரிலேயே ஒரு ரோமிங் பேக் போட்டுக்கொள்ளலாம். இறங்கிய இடத்தில் சிம் வாங்கலாம். போன் புதிது என்றால் ஸ்ரீரங்கத்தில் வீட்டில் உட்கார்ந்தபடியே இ-சிம் வாங்கி ஏற்றிக்கொண்டு போகலாம், ஊக்குக்கே வேலை இல்லை. இரவில் ஹோட்டல் வைஃபை இருக்கிறது. வழி தெரிய வேண்டுமா, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம், அதற்கு நெட்டே வேண்டாம். இத்தனையும் ஸ்தனிஸ்லாஸுக்குத் தெரியும். தெரியாத ஆளை மன்னித்துவிடலாம். இவர் தெரிந்துகொண்டு சொல்லாதவர்.

ஆனந்தவள்ளி ஸ்ரீரங்கத்துக்காரர். தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். புறப்படும் முன்பே ஸ்தனிஸ்லாஸிடம் கேட்டிருக்கிறார். "சார், நான் மட்டும் ஒரு ரோமிங் பேக் போட்டுக்கவா? பொண்ணு மாசமா இருக்கா. தலைப்பிரசவம். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு, இருந்தாலும் மனசு கேக்கல." அவர் சொன்ன பதில்: "எதுக்கும்மா தண்டச் செலவு? நான் இருக்கேன்ல." ரோஷன் பேகம் சிம் வாங்கிய அன்று ஆனந்தவள்ளி மறுபடி கேட்டார். "எனக்கும் ஒண்ணு வாங்கிடட்டுமா சார்?"

"நம்பிக்கை இல்லேன்னா வாங்கிக்கங்கம்மா."

ஆனந்தவள்ளி வாங்கவில்லை. எத்தனை மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டதைக் கொடுக்க மனமில்லாதவன் கடைசியில் எடுக்கும் ஆயுதம் இந்த நம்பிக்கைதான். கேட்டவர் அங்கேயே குற்றவாளி ஆகிவிடுவார்.

மறுநாள் பத்துமலை. ரோஷன் பேகம் உறவினர் வீட்டுக்கென்று மஸ்ஜித் இந்தியா பக்கம் போய்விட்டார். மற்றவர்கள் படிக்கட்டுக்குக் கீழே கூடினோம். ஆனந்தவள்ளிக்கு முழங்கால் வலி, எனக்கும் அதே. "நீங்க ரெண்டு பேரும் இங்கயே முருகனைக் கும்பிட்டுக்கங்க, பெரிய முருகன்தான், நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஸ்தனிஸ்லாஸ் குச்சியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். கைக்குட்டை சின்னதாகிக்கொண்டே மேலே போனது. அதோடு எங்கள் நெட்டும் மலையேறியது.

ஆனந்தவள்ளி போனைப் பார்த்தார். "எடுக்கலைங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார். காலையில் ஹோட்டலில் மகளோடு பேசியதாகச் சொன்னார். இடுப்பு லேசாக வலிக்கிறது, சூட்டு வலியாக இருக்கும் என்றாளாம். சீரகத் தண்ணீர் குடிக்கச் சொன்னாராம். "டேங்க் ஒசரத்துக்குப் போயிருக்குல்ல, இப்ப நல்லா வரணுமே" என்றேன். அவர் சிரிக்க முயன்றார். புறாக்கள் எங்கள் காலைச் சுற்றி மேய்ந்தன. அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு மேலே படியையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே போனவர்கள் குகையையும் பார்த்து, குரங்கையும் பார்த்து, படமும் எடுத்துக்கொண்டு சாவகாசமாக இறங்கினார்கள்.

ஸ்தனிஸ்லாஸ் கடைசிப் படியில் கால் வைத்தபோது இரண்டு போன்கள் ஒரே நேரத்தில் உயிர் பெற்றன. ஒன்று அவருடையது. இடுப்புப் பையிலிருந்து இன்னொரு போனை எடுத்தார். அப்படி ஒன்று இருப்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. மனைவி லூர்துராணி திருச்சியிலிருந்து கூப்பிடுகிறார்.

"சொல்லு லூர்து. சிலிண்டர்காரன் வந்துட்டானா? ஓடிபி நம்பர் கேக்குறானா? இரு, எனக்கு வந்துருக்கு, சொல்றேன், எழுதிக்க."

இன்னொன்று ஆனந்தவள்ளியின் போன். அது நிற்காமல் கிணுங்கியது. எடுக்காத அழைப்புகள், மாப்பிள்ளையிடமிருந்து, மகளிடமிருந்து, மறுபடி மகளிடமிருந்து. பிறகு மகளின் குரல் பதிவு ஒன்று. அவசரத்தில் அவர் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"அம்மா, தண்ணி ஒடைஞ்சிருச்சும்மா. ஆபரேஷன்னு சொல்றாங்க. பயமா இருக்கு. உள்ள கூட்டிட்டுப் போறதுக்குள்ள ஒரு தடவை பேசும்மா."

"நாலு, ஒண்ணு" என்றார் ஸ்தனிஸ்லாஸ் தன் போனில். "ஆமா, ஏழு. கடைசி ரெண்டு. அவன்கிட்ட ரசீது வாங்கிக்க."

ஆனந்தவள்ளி திருப்பிக் கூப்பிட்டார். மாப்பிள்ளை எடுத்தார். "பொண்ணு பொறந்திருக்கு அத்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இப்ப மயக்கத்துல தூங்குறா. உள்ள போற வரைக்கும் உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா."

ஸ்தனிஸ்லாஸிடம் நான் கேட்டேன். "அது எந்த சிம்?"

"நம்ம ஊர் சிம்தான். சின்னதா ஒரு ரோமிங் பேக் போட்டு வச்சிருக்கேன். பேங்க், சிலிண்டர்னு நம்பர் வந்துக்கிட்டே இருக்கும்ல. பொறுப்புல இருக்கறவன் ஊரோட தொடர்பை விட முடியுமா?" பிறகு ஆனந்தவள்ளியின் முகத்தைப் பார்த்தார். "என்னம்மா, பேத்தியா? மகாலட்சுமி. பாத்தீங்களா, ஒரு பைசா செலவில்லாம செய்தி வந்து சேந்துருச்சு."

கிளமென்ட் வாத்தியார் தன் போனை எடுத்து வைஃபையை அணைத்தார். டேங்கில் ஒரு இடம் காலியானது.

"என் சிம்மைக் குடுங்க சார்" என்றார் ஆனந்தவள்ளி.

"இங்க வேலை செய்யாதேம்மா, அதுல பேக் கிடையாதே."

"குடுங்க."

திங்கள் காலை அறை திறந்தது. வேலைக்கு ஆகாது என்று தெரிந்தும் அந்தத் துணுக்கை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்து, குழந்தையைப் பார்க்க ஸ்ரீரங்கத்துக்குப் போயிருந்தேன். மேல அடையவளஞ்சான் தெருவில் மாடி வீடு. மகளும் குழந்தையும் உள்ளறையில் இருந்தார்கள். கதவு திறந்திருந்தது. நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஸ்தனிஸ்லாஸ் வந்தார். ஒரு கையில் குழந்தை சோப்பு டப்பா, மறு கையில் அடுத்த பயணத்துக்கான நோட்டீஸ் கட்டு. இலங்கை. கொட்டை எழுத்தில் 'முழுக்க' அப்படியே இருந்தது.

"தூங்குதா? தூங்கட்டும், தொந்தரவு பண்ணக் கூடாது" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். போனை எடுத்தார். "வைஃபை பாஸ்வேர்டு என்னம்மா?"

ஆனந்தவள்ளி காப்பியை அவர் முன்னால் வைத்தார். "மாப்பிள்ளை மாத்தி வச்சிருக்கார். குழந்தை பொறந்த தேதி, பொறந்த நேரம். சேத்துப் போடணும்."

ஸ்தனிஸ்லாஸின் கட்டைவிரல் போனுக்கு மேலே தயாராக நின்றது. "எப்பம்மா பொறந்துச்சு?"

"எனக்கும் அன்னிக்குத் தெரியல சார். படிக்குக் கீழ உக்காந்திருந்தேன்."

உள்ளறையில் தொட்டில் கயிறு ஒருமுறை முனகியது. ஸ்தனிஸ்லாஸ் ஆனந்தவள்ளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காப்பியைப் பார்த்தார். பிறகு எழுந்து, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டை ஒட்டிய சுவர் ஓரமாகச் சிக்னல் தேடி மெல்ல நடந்தார்.