புதுப் போனில் பேசாத குரல்

விஹ்ராவின் அம்மா, அப்பா இருவருக்கும் பார்வை கிடையாது. பல்கேரியாவின் ரூசெ நகரத்தில் பார்வையற்றோர் நடத்திய பிரஷ் பட்டறையில் வேலை பார்த்தார்கள். மின்கட்டண ரசீதிலிருந்து சாவு அறிவிப்பு வரை வீட்டில் எல்லாவற்றையும் உரக்கப் படித்துச் சொன்னது அவள்தான். கணினி படித்து வேலைக்குப் போனதும், போனில் பல்கேரிய மொழியைப் படித்துக் காட்டும் ஒரு குரலைச் செய்தாள். உச்சரிப்புப் பகுதியை எழுதியவர் அவளுடைய நண்பர் ஸ்தாமென். எங்கள் பார்வையற்றோர் சங்கத்தில் எல்லாருடைய போனிலும் அந்தக் குரல்தான் பேசியது. நான் அங்கே காபி போடுகிறவள், தொலைபேசியையும் எடுப்பேன்.

மசாஜ் வேலை செய்யும் காமென் அண்ணன் போன வாரம் மகள் வாங்கித் தந்த புதுப் போனோடு விஹ்ராவைப் பார்க்கச் சங்கத்துக்கு வந்தார். அவருடைய பழைய போன் பேட்டரி உப்பிச் செத்துவிட்டது.

"ஏம்மா கம்ப்யூட்டர்காரி, உன் பொண்ணு, அதான் அந்தக் குரலு, இதுல வாயே தொறக்க மாட்டேங்குறாளே. என்கூடக் கோவமா?"

விஹ்ரா சிரிக்கவில்லை. "புதுப் போனு அவளை உள்ளயே விடாதுண்ணே."

"ஏன், என்ன தப்பு பண்ணா?"

"இந்த மாதிரி நிரலை மெமரியில எந்த இடத்துல ஏத்துனாலும் ஓடுற மாதிரி கட்டணும். நிரலைக் கட்டுற கருவி, கம்பைலர்ல, அதுக்குன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அதைப் போடலன்னா, ஏத்துறப்ப உள்ள இருக்கிற முகவரியை எல்லாம் போனே திருத்தி எழுதணும். பழைய போனுங்க எழுதுச்சு. புதுசு, ஓடுற நிரல்ல கை வைக்க விடாது."

"சரி, போட்டுத் தொலையேன்."

"போடலாம். ஸ்தாமென் கையால எழுதுன மூல நிரல் இருந்தா."

ஸ்தாமென் இரண்டு வருடங்களுக்கு முன் இறந்துபோனார். அவருடைய கணினியை மனைவி பழைய சாமான்காரனுக்குக் கொடுத்துவிட்டாள். அவர் எழுதிய பகுதியில் விஹ்ராவிடம் இருப்பது, கம்பைல் செய்து முடித்த, இனித் திருத்த முடியாத கோப்பு மட்டும்.

"அந்தாளு ஏன் போடாம விட்டான்?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன். அப்ப இருந்த போனுங்க ரொம்ப மெதுவு. குரல் இழுக்குதுன்னு எல்லாரும் சொன்னீங்க. அதை எடுத்ததும் கொஞ்சம் வேகம் வந்துச்சு."

 "புதுசா எழுதேன்" என்றார் காமென் அண்ணன்.

"வார்த்தையில எந்த எழுத்தை அழுத்திச் சொல்லணும்னு அவருதான்ணே கண்டுபிடிச்சாரு. எனக்குத் தெரியாது."

மடிக்கணினியைத் திறந்து, தன் பகுதியை அந்தக் கோப்போடு சேர்த்து மறுபடி கட்டிப் பார்த்தாள். பிழை என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. நான் காபி ஊற்றிக் கொடுத்துத் திரும்புவதற்குள் அதே வரி இன்னொரு முறை வந்தது. எதையும் மாற்றாமலே திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள்.

காமென் அண்ணன் போனோடு வந்த குரலைப் போட்டுக் கேட்டார். மகளுடைய செய்தியை அது வெளிநாட்டுக்காரி போலப் படித்தது. பாதியில் நிறுத்தி, போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எனக்கு இது போதும்மா. உன்னைத் தப்புச் சொல்லல" என்றார்.

அவள் மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்தாள்.

மேசையில் தொலைபேசி அடித்தது. சிலிஸ்த்ரா ஊரிலிருந்து ஒரு பெண்: புதுப் போன் வாங்கியிருக்கிறாள், குரல் வரவில்லை. விஹ்ராவைப் பார்த்தேன். கோட்டை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

"பாத்துக்கிட்டிருக்காங்கம்மா" என்றேன்.

"எப்பச் சரியாகும்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.