பெத்லகேம் வசனத்துக்கு அப்புறம்

எங்கள் சபையில் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மாலை கீத ஆராதனை நடக்கும். ஒரு வேதபாடம், ஒரு பாட்டு, அடுத்த பாடம், அடுத்த பாட்டு என்று மாறி மாறி வரும். இஸ்ரவேலை ஆளப்போகிற மேசியா பெத்லகேம் என்ற சின்ன ஊரிலிருந்து வருவார் என்று எபிரேயத் தீர்க்கதரிசி ஒருவர் சொல்லி வைத்த பாடம் என்னுடையது. பதினோரு வருஷமாக நான்தான் வாசிக்கிறேன். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் வருஷம் வாசிக்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, அடுத்த வருஷம் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இதில் ஒரு கறாரான வழக்கம் உண்டு. பாடகர் குழுவை நடத்துகிறவர் ஒரு வாரம் முன்பே வாசிக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்துவிடுவார். எங்கே ஆரம்பிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். என் சீட்டில் ஒரே ஒரு வசனம். அதன் கடைசி வார்த்தை வாயை விட்டுப் போவதற்குள் கீபோர்டு ஆரம்பித்துவிடும். அதனால் அடுத்த வசனத்தில் என்ன இருக்கிறது என்று நான் கவனித்ததே இல்லை. வருஷாவருஷம் வேதத்தை முழுசாக வாசித்து முடிக்கிறேன் என்று பெண்கள் கூட்டத்தில் பெருமையாகச் சொல்கிறவள் நான். என் வசனம் இருக்கிற சின்னத் தீர்க்கதரிசிகளின் புத்தகங்கள் வருகிற இடத்தில் வண்டி கொஞ்சம் வேகமாகப் போகும் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

போன டிசம்பரில் அந்தச் சீட்டு கைக்கு வந்தபோது என் ஒரே மகள் கோயம்புத்தூரில் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். முறைப்படி வளைகாப்பு முடித்துத் திண்டுக்கல்லுக்குக் கூட்டி வந்திருக்க வேண்டும். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, பயணம் கூடாது, படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு மாமியார் இல்லை. மருமகன் மில்லுக்குப் போய்விட்டால் வீட்டில் அவள் தனி. பெற்றவள்தானே போய்க் கூட இருக்க வேண்டும்? நான் போகவில்லை.

காரணம் வீடு. மூன்று வருஷத்துக்கு முன்பு, என் கணவர் இறந்த அதே மாதத்தில், பின்தெருவில் கல்யாணத்துக்குப் போனவர்களின் வீட்டில் திருடர்கள் புகுந்துவிட்டார்கள். பீரோவில் இருந்ததோடு குக்கரையும், அரைத்து வைத்திருந்த தோசை மாவையும்கூடக் கொண்டுபோய்விட்டார்கள். நகை போனதைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. மாவையும் விடாதவன் என்ன மனுஷன் என்றுதான் நடுங்கினேன். அன்றிலிருந்து ஒரு நாள்கூட நான் வெளியே தங்கியதில்லை. பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருப்பவளுக்குப் பூட்டுக்கா பஞ்சம்? முன்கதவுக்கு மூன்று, பின்கதவுக்கு இரண்டு. பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பேன். பூட்டை போனில் படம் எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். கர்த்தர் என்னைக் காக்கிறார் என்று சபையில் சாட்சி சொல்லும்போதும் சாவிக்கொத்து என் மடியில்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். விசேஷங்களுக்குப் பிரியாணி ஆர்டர் எடுத்துச் செய்கிறவர்கள். அந்த வீட்டு அம்மாளுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு, என்னை அக்கா என்பாள்.

"ஏக்கா, இம்புட்டுப் பூட்டப் பாத்தா, உள்ள என்னமோ புதையல் இருக்குன்னுல்ல திருடன் நெனப்பான்?" என்று ஒருநாள் சொன்னாள்.

"உனக்கென்ன, வீடு நெறைய ஆளு. ஒண்டிக்கட்டையா இருந்து பாரு, தெரியும்" என்று வெடுக்கென்று சொன்னேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று மதியமே ஒரு கிண்ணம் தால்ச்சா வந்தது.

மகளிடம் தினமும் போனில் பேசுவேன். பேசுவேன் என்றால், தெருவில் புதிதாக யார் நடமாடுகிறார்கள், எந்த வீட்டு நாய் குரைத்தது, மாடிக்கதவுத் தாழ்ப்பாள் எப்படித் தேய்ந்துவிட்டது என்றெல்லாம் நான் சொல்ல, அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். கடைசியில், "பரவாயில்லம்மா, நான் பாத்துக்கிறேன். நீ வீட்டப் பாத்துக்க" என்பாள். அவளே சொல்லிவிட்டாள் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். எனக்கு வசதியாக இருந்ததால் அதை நம்பினேன்.

கீத ஆராதனை அன்று அவசரமாகப் புடவையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். என் முறை வந்தது. எழுந்து போய், வேதத்தைத் திறந்து வைத்து, கண்ணாடியைச் சரிசெய்து, முதல் வார்த்தையைச் சொன்ன அந்த நொடியில்தான் எனக்குத் தோன்றியது: பின்கதவைப் பூட்டினேனா?

அப்புறம் வாய் இங்கே வாசித்தது, மனசு வீட்டுக்குப் போய்விட்டது. அடுப்படியைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனேன். துவைத்த துணியை எடுத்தது நினைவிருக்கிறது. தாழ்ப்பாளைப் போட்டேனா? பூட்டு ஜன்னல் விளிம்பிலேயே இருந்ததோ? இப்படித் தேடிக்கொண்டிருக்கையில் என் வசனம் முடிந்திருக்கிறது, கீபோர்டு ஆரம்பித்திருக்கிறது, பாடகர் குழு எழுந்திருக்கிறது. எதுவும் எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டேன்.

ஒரு பெண் பிரசவிக்கிறவரைக்கும் என்று என் குரலே என் காதில் விழுந்தபோதுதான் மனசு ஓடி வந்தது. பெத்லகேம் வசனத்துக்கு அடுத்தபடியாகப் பிரசவ வலியில் ஒரு பெண் இருக்கிறாள். உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. நிறுத்த வேண்டும் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. வரப்போகிறவர் நின்றுகொண்டு, கர்த்தருடைய பலத்தோடு தம் மந்தையை மேய்ப்பார், அந்த ஜனங்கள் நிலையாகக் குடியிருப்பார்கள், அவரே அவர்களுக்குச் சமாதானமாக இருப்பார் என்று போய்க்கொண்டே இருந்தது. அதற்கு அடுத்ததாக எதிரிப்படை தேசத்துக்குள் வருகிறது என்று ஆரம்பித்தபோதுதான் வாயை மூடினேன். கீபோர்டு நின்றிருந்தது. பாடகர் குழுவில் பாதிப்பேர் நின்றார்கள், பாதிப்பேர் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசி வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாடகர் குழுத் தலைவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

ஆராதனை முடிந்து வெளியே கேக்கும் டீயும் கொடுத்தார்கள். எங்கள் ஆயருக்கு என் மருமகன் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் அடக்க முடியாமல் சிரித்தார்.

"என்னத்துக்குச் சிரிப்பு? அந்த வசனத்துக்குப் பின்னாடி இம்புட்டு இருக்குன்னு இத்தன வருஷமா ஏன் யாரும் சொல்லல?" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"பொஸ்தகம் உங்க கையிலதானம்மா இருந்துச்சு" என்றார். பிறகு டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அப்ப எருசலேம்ல மதில் இருக்கு, வாசல் இருக்கு, காவல்காரன் இருக்கான். அப்படியும் அந்த ஜனங்களுக்கு எதிரி வந்துருவானோன்னு ஒரே பயம். மதில இன்னும் ஒசத்திக் கட்டுங்கன்னு தீர்க்கதரிசி சொல்லல. ஒருத்தர் வருவாருன்னு சொன்னாரு. அவரு வந்தாச்சுன்னுதானம்மா நாம இங்க கேக்கு சாப்புடுறோம்." கேக் தீர்ந்துபோச்சு என்று யாரோ கூப்பிட, அவர் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பின்கதவு திறந்தே கிடந்தது. ஒரு சாமானும் போகவில்லை. இதை அற்புதம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று அந்தப் பக்கம் திருடன் வரவில்லை, அவ்வளவுதான். நாளைக்கே ஒருவன் வந்து குக்கரோடு அள்ளிக்கொண்டு போகலாம். போனாலும் நான் வாசித்த அந்த மேய்ப்பர் நிற்பது நிற்பதுதான் என்று தோன்றியது. மூன்று வருஷமாக ஐந்து பூட்டும் சேர்ந்து எனக்குத் தராத சமாதானம், அந்தத் திறந்த கதவுக்கு முன்னால் வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலையில் சாவிக்கொத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டம்மாவிடம் நீட்டினேன். "மகளப் பாக்கப் போறேன். ரெண்டு மாசம் ஆகும். பின்பக்கம் இருக்குற கருவேப்பிலைக்குத் தண்ணி ஊத்து" என்றேன்.

அவள் சாவியை வாங்காமல் என் முகத்தையே பார்த்தாள். "மெய்யாத்தான் சொல்றியாக்கா? நானே கேக்கலாம்னு இருந்தேன். திட்டுவியேன்னு விட்டுட்டேன்" என்றாள். பிறகு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "புள்ள நல்லபடியாப் பெத்துப் பொழைக்கும். நான் துஆ செய்றேன், நீ கெளம்பு" என்றாள்.

கோயம்புத்தூர் பஸ் ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டியதும், அறுத்த சோளக்காட்டில் ஒரு செம்மறி மந்தை தெரிந்தது. ஆடுகள் பாதி படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. மேய்க்கிறவர் மட்டும் கம்பை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். ஆடு எதுவும் எழுந்து காவல் காக்கவில்லை. கணவர் போனதிலிருந்து ஆட்டுக்கு உரிய வேலையை விட்டுவிட்டு மேய்ப்பர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மனம் திருந்தியவள் அப்படியே திருந்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒட்டன்சத்திரத்தில் பஸ் நின்றதும் பழைய பயம் திரும்பி வந்தது. எழுந்து பையைக்கூட எடுத்துவிட்டேன்.

"ஏனுங்கம்மா, எறங்கோணுங்களா? கோயமுத்தூருக்கல்ல டிக்கெட் வாங்குனீங்க?" என்றார் கண்டக்டர்.

ஆண்டவரே, நீர் நில்லும், நான் உட்காருகிறேன் என்று மனதுக்குள் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே சின்ன ஜெபம் அதுதான். "இல்லப்பா, கோயமுத்தூருக்குத்தான்" என்று சொல்லி உட்கார்ந்தேன். பழனி தாண்டியபோது தூங்கியே போனேன்.

மருமகன் கதவைத் திறந்தார். மகள் இடதுபக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும், "ஏம்மா வந்த? வீட்ட யாரு பாப்பா?" என்று கேட்டாள்.

"அது கெடக்கு. நீ எப்படி இருக்க?" என்றேன்.

அத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நான் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை. "பயமா இருக்கும்மா. ரொம்பப் பயமா இருக்கு. உன்கிட்டச் சொன்னா நீ இன்னும் பயப்படுவேன்னு சொல்லல" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் பயத்தைச் சொல்லக்கூட இடமில்லாமல் போனையெல்லாம் என் பயத்தால் நிரப்பி வைத்திருந்தேன். அதைச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கொஞ்சம் ஆறியதும், முந்தின நாள் ஆராதனையில் நான் அடித்த கூத்தைச் சொன்னேன். பாதிப்பேர் நின்று பாதிப்பேர் உட்கார்ந்த கதைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிரசவிக்கிற பெண்ணைப் பற்றிச் சொன்னதும், "பெத்லகேம் வசனத்துக்குப் பக்கத்துலயா? சின்னப் புள்ளையில மனப்பாடம் பண்ணினேனே, சண்டே ஸ்கூல்ல அதோட நிறுத்திட்டாங்களே" என்றாள். "வாசிம்மா, கேக்குறேன்."

அவள் தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தேன். இந்தத் தடவை நிறுத்தச் சொல்ல யாருமில்லை. பெத்லகேமிலிருந்து ஆரம்பித்து, அந்தப் பெண்ணைத் தாண்டி, மேய்ப்பர் வந்து நிற்கிற இடத்துக்கு மெதுவாக வந்தேன். குனிந்து பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, அவள் தூங்கிப்போயிருந்தாள்.

மருமகன் காபியோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "அவ இப்படித் தூங்கி ஒரு மாசம் இருக்குமுங்க அத்தை" என்றார், குரலைத் தாழ்த்தி.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். மடியை அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். காபி ஆறிப்போனது.