பந்தி எழும்பாத நாள்

பாலசிங்கத்தை அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று ஊர் சொல்லிற்று. இருபத்துநாலு வயதுப் பொடியனை எடுத்து அம்மன் என்ன செய்யப்போகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சல்லிக் கடற்கரையில் அப்படிக் கேட்கக்கூடிய ஒரே ஆள் அவன்தான். அவன்தான் செத்துப்போனானே.

அறுபத்தேழாம் ஆண்டு புரட்டாசியில் அது நடந்தது. தோணியும் வலையும் சொந்தமாக வைத்து ஆட்களைக் கொண்டு தொழில் செய்த சீனித்தம்பிச் சம்மாட்டியாரின் கரைவலை, இரண்டாம் உலக யுத்தத்தில் மூழ்கிப்போன கப்பலொன்றின் இரும்பில் மாட்டிக்கொண்டது. வலையைக் கழற்ற மூழ்கிய பாலசிங்கம் உயிரோடு மேலே வரவில்லை. சம்மாட்டியார் கரைக்கு வந்ததும் ஈர வேட்டியோடு கோயில் வாசலில் விழுந்து அழுதார். "வலை வளைக்கிற முதல் நாள் பொங்கலுக்கு வராமல் சிரிச்சுக்கொண்டு நிண்டவன். அம்மன் விடுவாவோ?" என்றார். மரண விசாரணைக்கு வந்தவரிடம் அம்மன் கதையை எடுக்கவில்லை. "வேண்டாமெண்டு மறிச்சனான் ஐயா. தன்ரை எண்ணத்துக்கு இறங்கினவன்" என்றார். கோயிலுக்கு ஒரு காரணம், அரசாங்கத்துக்கு ஒரு காரணம். இரண்டிலும் குற்றவாளி செத்தவன்தான்.

முப்பத்தோராம் நாள் காரியத்தன்று பின்னேரம், பாலசிங்கத்தின் தாய் வள்ளியம்மாவின் வீட்டு வளவில் கதிரவேல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். எட்டு வருசமாகப் பாலசிங்கத்தோடு ஒரே தோணியில் தண்டு வலித்தவன். அந்த முப்பது நாளும் ஒரு விசயத்தைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு அவன் திரிந்தான். சோறு அதைத் தாண்டித்தான் இறங்க வேண்டியிருந்தது. பாதி நாள் இறங்கவில்லை.

பக்கத்தில் முனாப் பூசணிக்காய் வெட்டினான். திருக்கோணமலை டவுனிலிருந்து சைக்கிளில் வந்து மீன் எடுத்துப்போகிறவன். அடுப்படியில் நல்லம்மா நின்றாள். கருவாடு போட்டு இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் கைம்பெண். செத்தவனின் கூட்டாளிகள் என்றால் இந்த மூன்று பேரும்தான்.

"இந்தப் பூசணிக்காயை அவன் பார்த்திருந்தால் சம்மாட்டியார்ர தொந்தி எண்டிருப்பான்" என்றாள் நல்லம்மா.

முனாப் சிரித்தான். "நோன்பு காலத்தில அவனோட பட்ட பாடு இருக்கே அக்கா. நோன்பு பிடிக்கிறது நான், பசி வாறது அவனுக்கு. என்ர முகத்துக்கு முன்னால சாப்பிட மாட்டான். நாலு மணியானால் போதும், 'டேய் முனாப், சூரியனுக்கு என்னடா வருத்தம், இன்னும் நிக்குது' எண்டு துவங்குவான். நீ போய்த் தின்னடா எண்டால் கேட்கவும் மாட்டான். எனக்குக் கிடைக்கிற நன்மையில பாதி அவன்ட அழுகையிலயே போயிரும்."

"எங்களுக்கு நீளக் காற்சட்டை ஒண்டுதான்" என்றான் கதிரவேல். "அவனுக்கும் எனக்கும் சேர்த்து."

அந்தக் கதை மற்ற இருவருக்கும் தெரியும். ஆனாலும் சொல் என்பதுபோலப் பார்த்தார்கள்.

இருவரும் காற்சட்டையை முறைவைத்துப் போட்டுக்கொண்டு டவுனுக்குப் படம் பார்க்கப் போவார்கள். ஒரு கிழமை இவன், மறு கிழமை அவன். போய்வந்தவன் மற்றவனுக்குக் கதை சொல்ல வேண்டும். பாலசிங்கம் சொல்லும் படங்களில் பண்ணையார்கள் ஒருவரும் தப்பியதே கிடையாது. ஒருவரைத் தூக்கில் போடுவார்கள், ஒருவரை மாடு முட்டும், ஒருவர் தான் பூட்டிவைத்த நெல்லுக்குள் புதைந்து மூச்சடங்குவார். ஒருமுறை ஒரே படம் இரண்டு கிழமை ஓடியதால் கதிரவேலும் போய்ப் பார்த்தான். கடைசிக் காட்சியில் பண்ணையார் கண்ணீர் விட்டுத் திருந்தி, மகளைக் கதாநாயகனுக்குக் கட்டிக்கொடுத்து எல்லாரையும் ஆசீர்வதித்தார்.

"வந்து சண்டை பிடிச்சன். ஏன்டா பொய் சொன்னனீ எண்டு. அவன் சொல்லுறான், 'மச்சான், அது படம் எடுத்தவன் விட்ட பிழை. நான் திருத்திச் சொன்னனான்.'"

மூன்று பேரும் சிரித்தார்கள். நல்லம்மா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். புகை என்றாள்.

"கிணத்துக் கதையை விட்டிட்டியள்" என்றாள் பிறகு. "'மூண்டு கோயில் கட்டின ஊர், பெண்டுகளுக்கு ஒரு கிணறு வெட்டாதோ' எண்டு கோயில் கணக்குப் பார்க்கிற வண்ணக்கரிட்டப் போய்க் கேட்டவன். அவர் துரத்திவிட்டார். வந்து என்ர வளவில தானே வெட்டினான். மூண்டு நாள். ஆளளவு ஆழம். வந்தது முழுக்க உப்புத் தண்ணி. மேல ஏறி வந்து, 'அக்கா, கருவாட்டுக்கு உதவும்' எண்டான். அதுக்குப் பிறகு சாகிற வரைக்கும் ரோட்டுக் குழாயில அள்ளிக்கொண்டுவந்து தந்தவன்."

காற்று திரும்பி வடக்கிலிருந்து வீசத் தொடங்கியிருந்தது. வாடைக்கு இன்னும் இரண்டு நாள் கிடக்கு என்று காலையில் சொன்ன கிழவர்கள், இப்போது வேலியோரம் நின்று கடலைப் பார்த்தார்கள். ஊர்த் தோணிகள் எல்லாம் போன கிழமையே கரையேறிவிட்டன. சம்மாட்டியாரின் பெரிய தோணி மட்டும் தண்ணீரில் நின்றது. கடைசிச் சாளை மீனையும் அள்ளிவிடவேண்டுமென்று வெளியூர் ஆட்களைப் பிடித்து முந்தநாள் வரை வலை வளைத்தவர் அவர். அந்த ஆட்கள் போய்விட்டார்கள்.

"இழுத்தது" என்றான் கதிரவேல்.

"என்ன இழுத்தது?"

"கயிறு." துருவலையை நிறுத்தினான். "இடுப்பில கட்டின கயிறு. நுனி என்ர கையில. ஒருக்கா இழுத்தால் கயிறு விடு, ரெண்டு தரம் இழுத்தால் தூக்கு. அதுதான் எங்கட பேச்சு. ரெண்டு தரம் இழுத்தவன்."

முனாப்பின் கத்தி பூசணிக்காயில் பாதியில் நின்றது.

"முதல் ரெண்டு முறையும் மூழ்கி வந்தவன். காதில ரத்தம். 'ஏலாது சம்மாட்டியார்' எண்டவன். அவர் சொல்லுறார், 'நைலோன் வலையடா, வாங்கி அஞ்சு நாள். ஏலாதெண்டால் சீலையைக் கட்டிக்கொண்டு கரையில இரு.' எல்லாரும் சிரிச்சாங்கள். நானும்தான் சிரிச்சனான். அவனும் சிரிச்சுக்கொண்டு இறங்கினவன். ரெண்டு தரம் இழுபட்டுது. நான் தூக்கப் போக, அவர் கயித்தில காலை வைச்சு மிதிச்சார். 'பொறடா, கழட்டுறான். இப்ப தூக்கினால் வலை மடி கிழியும்' எண்டார். நான் பொறுத்தனான். பிறகும் ஒருக்கா இழுத்தது. மெல்ல."

"நீ ஏன்டா விசாரணையில சொல்லல்ல?" முனாப்பின் குரல் கிழிந்தது. "ஒரு மாசமா வாயில என்ன வைச்சிருந்த? கொழுக்கட்டையா?"

"தன்ர எண்ணத்துக்கோ இறங்கினவன் எண்டு விசாரணைக்கு வந்தவர் கேட்டார். ஓம் எண்டனான். சம்மாட்டியார் பின்னால நிண்டவர்."

"நீ மனுசனாடா?"

அந்தக் கேள்வியைக் கதிரவேல் தன்னிடம் முப்பது நாளும் கேட்டிருந்தான். காலை வைத்தது சம்மாட்டியார். ஆனால் அந்தக் காலைத் தட்டிவிட ஒரு கை வேண்டியிருந்தது. அந்தத் தோணியில் இருந்த பன்னிரண்டு கைகளும் சம்மாட்டியாரின் சோறு தின்ற கைகள்.

நல்லம்மா அவர்களுக்குப் பின்னால் பார்த்தாள். வள்ளியம்மா அரிசிச் சுளகோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"எத்தினை தரம்?" என்று கேட்டாள்.

"ரெண்டு தரம் மாமி. பிறகு ஒருக்கா."

அவள் அரிசியை உலையில் போட்டாள். அது சம்மாட்டியார் அனுப்பிய அரிசி. ஒரு மூடை. செத்தவனுக்குத் தன் செலவில் ஊரைக் கூட்டிச் சோறு போட்டவர் என்ற பெயரும் அவருக்கு வேண்டியிருந்தது.

பந்தி வளவில் வைத்தார்கள். நாற்பது ஆம்பிளைகள் இரண்டு வரிசையாக இருந்தார்கள். தலைப்பில் சம்மாட்டியார், அவருக்குப் பக்கத்தில் கோயில் வண்ணக்கர். கதிரவேலும் முனாப்பும் பரிமாறினார்கள். பருப்பு விடும்போது சம்மாட்டியார் கதிரவேலின் தோளைத் தட்டி, "நல்ல பொடியன். கூட்டாளிக்காகச் செய்யிறான்" என்றார். கதிரவேல் அகப்பையை இறுக்கிப் பிடித்தான். ஒரு கணம், அந்தக் கொதிக்கும் பருப்பு முழுவதையும் அவர் மடியில் கவிழ்த்துவிடலாம் என்று இருந்தது.

இரண்டாம் முறை சோறு போகும்போது காற்று பாய்ந்து வந்து பந்தியின் இலைகளைப் புரட்டியது. கடல் சத்தம் மாறியது. சம்மாட்டியாருக்கு அந்தச் சத்தம் தெரியும். எச்சில் கையோடு எழும்பிவிட்டார்.

"தோணி! எல்லாரும் எழும்புங்கோ. தோள் தாங்கோ!"

அந்தக் கடற்கரையில் அந்தச் சொல்லுக்கு மறுப்புக் கிடையாது. பெரிய தோணியை ஏற்ற முப்பது தோள் வேண்டும். அண்ணன் தம்பி பேசாமல் இருக்கலாம், வேலிச் சண்டையில் தலை உடைந்திருக்கலாம். தோள் தா என்று ஒருவன் கூப்பிட்டால் போயே ஆகவேண்டும். பின்வரிசையில் நாலைந்து பேர் அரைவாசி எழும்பிவிட்டார்கள்.

"இருங்கோ" என்றாள் வள்ளியம்மா.

கையில் சோற்றுக் கடகம். குரலை உயர்த்தவில்லை.

"என்ர பிள்ளை இன்னும் சாப்பிட்டு முடியேல்லை. ஒருத்தரும் எழும்பப்படாது."

முப்பத்தோராம் நாள் பந்தியில் செத்தவனும் ஓரிடத்தில் இருந்து சாப்பிடுகிறான், வீட்டுக்காரி பரிமாறி முடிக்குமுன் எழும்பினால் அவனைப் பட்டினியோடு அனுப்பியதாகும் என்பது ஊர் நம்பிக்கை. பாலசிங்கம் அதைக் கேட்டுச் சிரித்திருப்பான். கதிரவேலுக்கும் அதில் ஒரு மண்ணும் நம்பிக்கை கிடையாது. ஆனால் இத்தனை காலமும் சம்மாட்டிமாருக்கே உழைத்த மூடநம்பிக்கைகளில் ஒன்றாவது ஒருநாள் ஏழைக்கும் உழைக்கட்டும் என்று அவன் நினைத்தான். எழும்பியவர்கள் இருந்தார்கள். வள்ளியம்மா முதல் இலையிலிருந்து மறுபடியும் சோறு வைக்கத் தொடங்கினாள்.

"வள்ளியம்மா, தோணி உடைஞ்சுபோகும்!" சம்மாட்டியார் கத்தினார்.

"பொறுங்கோ. இப்ப எழும்பினால் பந்தி குழம்பும்."

வண்ணக்கர் தொண்டையைச் செருமினார். "இது நல்லாயில்லைப் பிள்ளை. தோள் மறுத்த கரை உருப்படாது. இண்டைக்கு அவருக்கு, நாளைக்கு எங்களுக்கு."

சம்மாட்டியார் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பரிமாறிக்கொண்டு நின்ற இருவரையும் கண்டார். "டேய் கதிரவேல், நீ பந்தியில இல்லைத்தானே. வாடா. முனாப், நீயும் வா. கயித்தையாவது பிடியுங்கோ!"

"பிடிக்கிறன் சம்மாட்டியார்" என்றான் கதிரவேல். வாளியைக் கீழே வைத்தான். "நான் பிடிக்க, நீங்கள் மிதிப்பியளோ? அண்டைக்கு மிதிச்ச மாதிரி?"

நாற்பது பேரும் கையை இலையில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். காதில் வந்த ரத்தம், சீலைக் கதை, இரண்டு தரம் இழுபட்டது, மிதித்த கால். தான் பொறுத்துக்கொண்டதையும், விசாரணையில் ஓம் என்றதையும் ஒளிக்கவில்லை. "அம்மன் எடுத்தவ எண்டு முப்பது நாள் சொன்னியள். அம்மனுக்குக் கால் இருந்தால் அது கயித்தில ஏன் இருக்குது? இவர்ர கால்தான் இருந்தது."

"பொய்!" என்றார் சம்மாட்டியார். "குடிச்சுப்போட்டுக் கதைக்கிறான்."

வள்ளியம்மா அவருக்கு முன்னால் வந்து நின்றாள். "என்ர பிள்ளை இழுத்தவனோ?" என்று கேட்டாள். "அதை மட்டும் சொல்லுங்கோ. சொன்னால் பந்தியை எழுப்பிவிடுறன்."

கடற்கரையிலிருந்து மரம் மண்ணில் அடிபடும் சத்தம் வந்தது. ஒருமுறை. பிறகு இன்னொருமுறை. சம்மாட்டியாரின் கண் அந்தப் பக்கம் ஓடியது, திரும்பி வந்தது. வாய் திறந்தார்.

"அது புது வலை, வள்ளியம்மா..." என்றார்.

அதற்கு மேல் சொல்லத் தேவை இருக்கவில்லை. சொன்னது என்னவென்று அவருக்கே பிந்தித்தான் விளங்கியது.

ஒருவரும் அசையவில்லை. முன்பு அரைவாசி எழும்பியவர்கள் இலையைப் பார்த்துக் குனிந்து சோற்றைப் பிசைந்தார்கள். வண்ணக்கர் மட்டும் கடற்கரைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கிணறு கேட்டு வந்தவனைத் துரத்திய மனிதர். பிறகு இலையை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் பருப்பு விடு பிள்ளை" என்றார்.

சம்மாட்டியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தனியாகக் கடற்கரைக்கு ஓடினார். வேலிக்கு மேலால் அவர் தெரிந்தார். தோணியின் பக்கத்தில் முதுகைக் கொடுத்து உன்னினார். முப்பது பேர் தள்ளுகிற தோணி. ஒரு அலை அவரை முட்டுக்காலில் இருத்திவிட்டது. அடுத்தது தோணியைத் திருப்பிப் போட்டது. வளவில் இரண்டாம் முறை பாயாசம் போனது. அவர் அனுப்பிய அரிசி அவர் ஆட்களை இருந்த இடத்திலேயே கட்டிப்போட்டது. நல்லம்மா அடுப்படியிலிருந்து, "வடிவாச் சாப்பிடுங்கோ, நிறையக் கிடக்கு" என்று கூப்பிட்டாள்.

பலகை பிளக்கும் சத்தம் கேட்டபோது கதிரவேலுக்குள் ஒரு இனிப்பு ஊறியது. அதற்காக அவன் வெட்கப்படவில்லை. ஆனால் அது போதாது என்றும் தெரிந்தது. தோணி போனால் சம்மாட்டி இன்னொன்று கட்டுவார். கடதாசியில் 'தன் எண்ணத்துக்கு இறங்கினான்' என்று எழுதியிருப்பது அப்படியே கிடக்கும்.

கையைக் கழுவிக்கொண்டு முனாப்பிடம் போனான். "சைக்கிளை எடு. பொலிசுக்குப் போவம்."

"இப்பவா? மழை வருது."

"இப்பதான். விடிஞ்சால் அவர் முந்திப்போவார்."

முனாப் அவனை ஏற இறங்கப் பார்த்தான். மீன்பெட்டியை அவிழ்த்துக் கீழே வைத்தான்.

"டேய், விசாரணையில பொய் சொன்னதெண்டு உன்னையும் உள்ளுக்குப் போடுவாங்கள். தெரியுமா?"

"போடட்டும்" என்றான் கதிரவேல், பின்னால் ஏறி இருந்துகொண்டு. "அவருக்குப் பக்கத்து அறையாத் தரச் சொல்லிக் கேட்பம். மிதி."